நல்ல கோடாரி, குட்டைக் காம்பு

காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களிடம் சிறந்த கைக்கோடாரி எது என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று 'வைல்ட்லைஃப் ஹேட்செட்'. ஸ்வீடனின் கிரென்ஸ்ஃபோர்ஸ் புரூக் பட்டறையில் செய்யப்படுவது. காம்பின் நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். தலை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து 600 கிராம் அளவில் நிற்கும். அமெரிக்கக் கடைகளில் விலை 150 முதல் 180 டாலர். ஏறக்குறைய அதே நீளமும் அதே எடையும் கொண்ட ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7 அதே நாட்டில் 40 டாலர் அளவில் கிடைக்கிறது. நாலு மடங்கு விலைக்கு நாலு மடங்கு கோடாரி கைக்கு வருகிறதா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த விலையைக் கேட்பது நியாயமா என்பது ஒன்று. அதைக் கொடுத்து வாங்குவது தகுமா என்பது மற்றொன்று. முன்னது பட்டறையைப் பற்றியது, பின்னது வாங்குகிறவரின் வேலையைப் பற்றியது. கோடாரிப் பிரியர்கள் முதலாவதற்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதையும் தீர்த்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். 'பெயருக்குக் கொடுக்கும் காசு' என்று ஒதுக்குகிறவர்கள் இரண்டாவதற்கு மட்டும் விடை வைத்துக்கொண்டு முதலாவதையும் அதே வேகத்தில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பட்டறையிலிருந்து தொடங்கலாம். அரைக் கிலோ எஃகின் விலை இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. சில டாலருக்குள் முடிந்துவிடும். ஆகவே விலை போவது வேறு இடத்துக்கு. கிரென்ஸ்ஃபோர்ஸ், ஸ்வீடனின் ஹெல்சிங்லாந்துப் பகுதியிலுள்ள சிற்றூர். 1902 முதல் அங்கே கோடாரி அடிக்கிறார்கள். 1980களில் நிறுவனம் நொடித்துப்போன நிலையில் காபிரியேல் பிரென்பி அதை ஏற்றெடுத்தார். அதுவரை உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக்கைக்காக அவசரமாக அடித்த தலைகளின் குறைகளைச் சாணை பிடித்தும் மெருகேற்றியும் வண்ணம் பூசியும் மூடிவிடுவார்கள். பிரென்பி அந்தக் கூலிமுறையை நிறுத்தினார். அடிக்கும்போதே சரியாக அடித்துவிட்டால் பிறகு மூடி மறைக்க எதுவும் இராது என்பது அவர் கட்சி. தலையை அடித்த கொல்லர், அது தமக்குத் திருப்தியாக இருந்தால், தம் பெயரின் முதலெழுத்துகளை அதில் பொறிக்கிறார். பொருளுக்கு 20 ஆண்டு உத்தரவாதம் உண்டு.

பிரியர்கள் கலையழகு என்று கொண்டாடும் அந்தக் கரடுமுரடான கரிய முகம், சம்மட்டித் தடம், எல்லாம் இப்படி வந்தவைதான். ஒரு வேலையைச் சேர்த்ததால் வந்த அழகு என்று பலர் நினைக்கிறார்கள். தேவையற்ற ஒரு வேலையை விட்டதால் வந்தது அது. சாணைத் தூசு தொழிலாளியின் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அந்த வேலை குறைவது வேறு வகையிலும் நல்லதே. மிச்சமாகிற நேரம் அடிப்பதற்கும், வாயைத் தீட்டுவதற்கும், காம்பு பொருத்துவதற்கும் போகிறது. ஸ்வீடன் போன்ற நாட்டில் ஒரு தேர்ந்த கொல்லருக்கு மரியாதையான சம்பளம் கொடுத்து, எண்ணிக்கைக்காக அவரை விரட்டாமல், பதனிட்ட தோலில் உறையும் தைத்துக் கொடுத்தால், கடைக்காரரின் பங்கும் சேர்ந்து 150 டாலரைத் தாண்டுவதில் வியப்பில்லை. கேட்கும் விலை நியாயமானது. முதல் கேள்வி இதோடு முடிந்தது.

ஒரு விளம்பரச் சொல்லை மட்டும் சற்று நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது: 'கையால் அடித்தது'. பட்டறைக்கல்லின் மேல் சம்மட்டியை ஓங்கும் கொல்லரை இது நினைவில் எழுப்புகிறது. நடப்பில், சிவக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் பிடித்து, விசைச் சம்மட்டிக்குக் கீழே திருப்பித் திருப்பிக் காட்டுகிறார் கொல்லர். இயந்திரம் அடிக்கிறது, எங்கே எத்தனை அடி என்பதைக் கண்ணும் கையும் தீர்மானிக்கின்றன. அந்தத் திறமை உண்மையானது, கற்க ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கை நுழைகிற இடத்தில் ஒவ்வொரு உருப்படியும் சற்றே வேறுபடும். ஒன்றில் தலை காம்புக்கு இம்மியளவு சாய்ந்திருக்கலாம், இன்னொன்றில் காம்பின் இழையோட்டம் சரியான திசையில் அமையாமல் போகலாம். கடையில் நாலைந்தை எடுத்துப் பார்த்துப் பொறுக்குகிறவருக்கு இது பாதகமில்லை. இணையத்தில் ஆர்டர் போடுகிறவர் வந்ததைத்தான் ஏற்க வேண்டும். வார்ப்புப் பிளாஸ்டிக்கில் தலையை இறுக்கி வரும் 40 டாலர் கோடாரியில் இந்த அதிர்ஷ்டக் கணக்கு மிகக் குறைவு.

இனி இரண்டாவது கேள்வி. வாய், காம்பு, ஆயுள், செய்யும் வேலை என்ற நான்கிலும் அதிக விலை என்ன தருகிறது?

வாயில் வைல்ட்லைஃப் ஹேட்செட் தெளிவாக முந்துகிறது. நிறுவனம் சொல்லும் கடினம் ராக்வெல் சி அளவில் 57. வெட்டும் கருவிக்கு நல்ல நடுநிலை இது. இதைவிட மிகக் கூடினால் உறைந்த மரத்திலோ கணுவிலோ பட்டு வாய் சிதறும். மிகக் குறைந்தால் மடங்கி மழுங்கும். 57இல் கூர் நிற்கும். காட்டில் இருந்தபடியே சிறு கல்லால் தீட்டிக்கொள்ளவும் முடியும். பதத்தைவிட முக்கியமானது வடிவம். கன்னம் மெலிந்து, வாயை நோக்கி இலேசான குவிவாக இறங்குகிறது. அதனால் மரத்துக்குள் ஆழமாக இறங்கும். கரண்டி செதுக்கவும் முளை சீவவும் கைக்கு அடங்கும். உறையிலிருந்து எடுத்த கணமே வேலைக்கு ஆயத்தம். மலிவுக் கோடாரிகள் பல, தடித்த தோளோடும் மொட்டை வாயோடும் கடைக்கு வருகின்றன.

இந்த வெற்றியையும் அதன் அளவுக்குத்தான் மதிக்க வேண்டும். பட்டறை கொடுத்த கூர் முதல் முறை மழுங்கும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு கோடாரியின் வாய் உரிமையாளரின் கைத்திறனைத்தான் காட்டும். தீட்டத் தெரியாதவர் கையில் ஒரு பருவத்துக்குள் இரண்டு கோடாரிகளும் ஒரே மாதிரி வெட்டும். தீட்டத் தெரிந்தவரோ ஓர் அரத்தை எடுத்து, மலிவுக் கோடாரியின் தோளை ஒரு மாலைப் பொழுதில் இழைத்து மெலிதாக்கிவிடுவார். பட்டறையின் பதம் அப்படிக் கைக்கு வராது, வடிவம் வரும். இந்த இடத்தில் பிரீமியம் விலை தருவது ஒரு நல்ல தொடக்கமும் சற்று நீடித்த கூரும். 40 டாலருக்கும் 160 டாலருக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஒரு பகுதியை மட்டுமே இது நிரப்பும்.

காம்பில் தீர்ப்பு அவ்வளவு தெளிவில்லை. கிரென்ஸ்ஃபோர்ஸ் பயன்படுத்துவது ஹிக்கரி மரம். வட அமெரிக்காவில் விளையும் இந்த மரம் அதிர்வை வாங்கிக்கொள்வதிலும் வளைந்து கொடுப்பதிலும் பெயர் பெற்றது. கோடாரி, சுத்தியல் காம்புகளுக்கு நெடுங்காலமாக அதுதான் முதல் தேர்வு. தலை அசையாதிருக்க மர ஆப்பு, அது வெளியே வராதிருக்க ஓர் இரும்புக் கொண்டி. பிடித்தால் கை நோகாது. உடைந்தால் புதுக் காம்பு போடலாம், தலை இன்னொரு தலைமுறைக்கும் போகும். ஆனால் மரம் ஈரத்துக்கு உப்பும், வறட்சியில் சுருங்கும். சூடேற்றிய வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கிடந்த கோடாரியின் தலை லேசாக ஆடத் தொடங்கும். ஆளிவிதை எண்ணெய் பூசிப் பராமரிக்க வேண்டும். ஃபிஸ்கார்ஸின் காம்பு கண்ணாடியிழை கலந்த பாலிஅமைடு. உள்ளே வெற்றிடம் விட்டு, தலையைச் சுற்றி வார்க்கப்பட்டது. ஆடாது, சுருங்காது, மழையில் போட்டாலும் கவலையில்லை. என்றாவது உடைந்தால் மாற்றுக் காம்பு இல்லை. அமெரிக்காவில் நிறுவனத்தின் ஆயுள் உத்தரவாதத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். இல்லினாயின் ராக்ஃபோர்டில் 1923 முதல் கருவிகள் செய்யும் எஸ்ட்விங் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்மன்ஸ் ஆக்ஸ் இன்னொரு வழியில் போகிறது. தலையும் காம்பும் ஒரே எஃகுத் துண்டு, பிடியில் மட்டும் தோல் வளையங்கள். உடைவதற்கு இணைப்பே இல்லை. அதற்கு விலையாக ஒவ்வொரு வெட்டின் அதிர்வும் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. பிடிமான சுகம், பழுது பார்க்கும் வசதி இரண்டிலும் மரம் வெல்கிறது. கவனிப்பில்லாமல் கிடந்து பிழைப்பதில் மற்ற இரண்டும் வெல்கின்றன. எப்போதாவது முகாமுக்குப் போகிறவரின் கோடாரி ஆண்டில் பெரும்பகுதி கார் டிக்கியிலும் பரணிலும் கிடக்கிறது என்பதை மறந்துவிட்டு இந்த வரவுசெலவைப் போடக் கூடாது.

அடுத்து ஆயுள். விலையுயர்ந்த பொருளுக்கு ஆதரவாக எல்லா இடத்திலும் சொல்லப்படும் வாதம் இது: 160 டாலரை 20 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 8 டாலர், ஒரு சாப்பாட்டுக் காசு. கணக்கு சரி, வாதத்தில் ஓட்டை இருக்கிறது. மலிவான பொருள் சீக்கிரம் செத்துப்போகும் என்றால்தான் இந்தப் பங்கீடு எதையாவது நிறுவும். மலிவுச் செருப்பு ஆறு மாதத்தில் அறுந்துவிடுவதுபோல் மலிவுக் கோடாரி அறுவதில்லை. ஒரே எஃகில் அடித்த எஸ்ட்விங்கும், பாலிஅமைடில் இறுகிய ஃபிஸ்கார்ஸும் முகாமின் இலேசான வேலைக்குப் பல ஆண்டுகள் தாங்கும். அவற்றையும் 20 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 2 டாலர் சொச்சம். அப்போது விகிதம் பழைய நாலு மடங்குக்கே திரும்பிவிடுகிறது. பிரீமியம் கோடாரிக்குச் சாதகமாக இங்கே ஒன்று சொல்லலாம்: பழைய பொருளாக விற்கும்போதும் அதன் மதிப்பு பெரிதாக விழுவதில்லை. விற்கிற எண்ணத்தோடு வாங்குகிறவர்களுக்கு அது பயன்படும்.

கடைசியாக வேலை. தீர்ப்பு உண்மையில் தங்கியிருப்பது இங்கேதான். முகாமில் ஒரு கைக்கோடாரி என்ன செய்கிறது? அமெரிக்க முகாம் தளங்களில் பெரும்பாலும் விறகு பிளந்தே விலைக்கு வருகிறது. காட்டில் தடம் பதிக்காமல் தங்கும் நெறியைப் பரப்புகிறவர்கள், கீழே விழுந்து காய்ந்த சுள்ளிகளை, அதுவும் மணிக்கட்டைவிடப் பருமன் குறைந்தவற்றை, கையால் ஒடித்துப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். கோடாரி பிறந்த ஸ்வீடனிலேயே, யாருடைய காட்டிலும் நடந்து தங்கும் பொது உரிமை எல்லோருக்கும் இருந்தும், வளரும் மரத்தை வெட்ட அந்த உரிமை இடம் தருவதில்லை. தரையில் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கலாம், அவ்வளவுதான். ஆகவே கைக்கோடாரிக்கு எஞ்சுவது சிறு வேலைகள். வாங்கிய விறகிலிருந்து தீ மூட்டச் சிறாய் பிளப்பது, ஒரு முளையைக் கூராக்குவது, சிறு கிளை கழிப்பது. காய்ந்த, இழை நேரான பைன் மரத்தைச் சிறாயாகப் பிளக்க எந்த ஆப்பு வடிவமும் போதும். அங்கே வாயின் நுட்பத்துக்கு வேலையே வருவதில்லை. இன்னும் சொன்னால், செதுக்குவதற்கு உதவும் அதே மெலிந்த கன்னம் தடித்த விறகைப் பிளக்கும்போது பாதியில் சிக்கிக்கொள்ளும். இது நிறுவனத்துக்கும் தெரிந்ததுதான். பிளப்பதற்கென்று தடித்த தலையோடு தனிச் சிறுகோடாரி ஒன்றை அவர்களே விற்கிறார்கள்.

கடுமையான வேலைக்கு எடுத்துப் போனால் இன்னொரு சுவர் எதிர்ப்படுகிறது. அது பட்டறையால் தாண்ட முடியாத சுவர். வெட்டின் வலிமை தலையின் எடையிலும், அதைவிட அதிகமாக அதன் வேகத்திலும் இருக்கிறது. இயக்க ஆற்றல் எடைக்கு நேர் விகிதம், வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதம். இதே நிறுவனத்தின் 'ஸ்மால் ஃபாரஸ்ட் ஆக்ஸ்' கோடாரிக்குக் காம்பு 50 சென்டிமீட்டர், தலை சுமார் 700 கிராம். எடையில் மட்டும் ஒன்றரை மடங்கு. நீண்ட காம்பாலும் இரண்டாவது கையாலும் தலையின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு வெட்டில் மரத்துக்குள் போகும் ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. கைக்கோடாரியின் பதத்தையும் வடிவத்தையும் எவ்வளவு மேம்படுத்தினாலும் இந்த இடைவெளியை எட்டிப் பிடிக்க முடியாது. கட்டை கைப்பருமனைத் தாண்டிவிட்டால் 34 சென்டிமீட்டர் காம்பு எந்தக் கொல்லர் கையில் பிறந்திருந்தாலும் திணறும்.

கனடாவின் காட்டு வாழ்க்கை ஆசிரியர் மோர்ஸ் கோச்சான்ஸ்கி போன்ற அனுபவசாலிகள் முழு அளவுக் கோடாரியின் பக்கம் நின்றதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். நீண்ட காம்புக் கோடாரி இலக்குத் தவறினால் பெரும்பாலும் தரையில் இறங்கும். குட்டைக் காம்பின் வளைவு முழங்காலிலும் கெண்டைக்காலிலும் முடியும். கைக்கோடாரியை மண்டியிட்டோ, தாழ்வான பலகைக் கட்டையின் மேலோ பயன்படுத்து என்பது அதனால் வந்த விதி. 50 சென்டிமீட்டர் காம்பும் இந்த ஆபத்தைத் தீர்த்துவிடாது. அங்கேயும் மண்டியிடுவதே நல்லது. வாய் கூராக இருந்தால் வழுக்கித் திரும்புவது குறையும் என்பது பிரீமியம் கோடாரிக்கு ஒரு புள்ளி. மற்றபடி விலைக்கும் இந்த ஆபத்துக்கும் தொடர்பில்லை.

இந்தப் பட்டறையின் புகழ் எந்தக் கோடாரியால் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் காட்டு வாழ்க்கையைக் காட்டிய ரே மியர்ஸின் கையில் பார்த்துப் பலர் ஆசைப்பட்டது ஸ்மால் ஃபாரஸ்ட் ஆக்ஸ். இரண்டு கையாலும் பிடிக்கலாம், முதுகுப்பையிலும் அடங்கும், நடுத்தர மரத்தையும் சமாளிக்கும். அந்தக் கோடாரி ஈட்டிய நற்பெயரில்தான் தம்பி கோடாரி பெரும்பாலும் விலை போகிறது. ஒரே கொல்லர், ஒரே எஃகு, ஒரே முதலெழுத்துப் பொறிப்பு என்பதால் ஒரே மதிப்பு என்று வாங்குகிறவர் எண்ணிக்கொள்கிறார். பெரிய கோடாரியில் கொல்லரின் வேலைத்திறன் செயல்பட இடம் இருக்கிறது. சிறியதில் அந்தத் திறன் பெரும்பாலும் உறைக்குள் கிடக்கிறது.

160 டாலர் கையில் இருப்பவருக்கு அந்தக் காசு வேறு என்ன வாங்கித் தரும் என்று பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது. ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7 40 டாலர். 19 சென்டிமீட்டர் அலகுள்ள பாகோ லாப்லேண்டர் மடக்கு ரம்பம் 30 டாலர் அளவு. மோரா நிறுவனத்தின் நிலையான அலகுக் கத்தி 20 டாலர் அளவு. ஒரு தீட்டுக்கல்லும் சேர்த்தால் மொத்தம் 100 டாலரைச் சற்றுத் தாண்டும். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைத் துண்டாக்க ரம்பம் எந்தக் கைக்கோடாரியையும்விடக் குறைந்த உழைப்பில், குறைந்த ஆபத்தில் முடிக்கும். சிறாய் எடுப்பதைக் கத்தியே செய்துவிடும். பருமனானதைச் சிறிய கோடாரி பிளக்கும். இந்த மூட்டை, தனியாக நிற்கும் ஒரு பிரீமியம் கைக்கோடாரியைவிட முகாமின் எல்லா வேலைகளையும் நன்றாகச் செய்கிறது, விலையும் குறைவு. பிரீமியம் கோடாரிக்கு எதிரான வாதங்களில் இதுதான் வலுவானது. கோடாரி கெட்டது என்று இது சொல்லவில்லை. அதே பணம் வேறெங்கோ அதிக வேலை செய்கிறது என்கிறது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு கடைசி வாய்ப்பு தர வேண்டும். கரண்டியும் கிண்ணமும் செதுக்குகிறவர், வாரந்தோறும் தோட்டத்திலோ காட்டிலோ கோடாரி எடுக்கிறவர், தாமே தீட்டத் தெரிந்தவர் ஆகியோருக்கு மேலே தள்ளுபடி செய்த நன்மைகள் எல்லாம் திரும்ப வருகின்றன. மெல்லிய வாய் அவர்களுக்குத் தினசரித் தேவை. மாற்றக்கூடிய காம்பு அவர்களுக்கு உண்மையான சேமிப்பு, ஏனென்றால் அவர்கள் காம்பைத் தேய்த்து முடிக்கும் அளவுக்குப் பயன்படுத்துவார்கள். இன்னொரு வகையினரும் உண்டு: உருப்படிக் கூலியில் ஆளை விரட்டாத ஒரு பட்டறை பிழைத்திருக்க வேண்டும் என்று விரும்பிப் பணம் கொடுப்பவர்கள். அது மதிக்கத்தக்க காரணம்தான். ஆனால் அதை அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும். கொல்லரின் கூலிக்காகக் கொடுத்ததை 'இது நன்றாக வெட்டுகிறது' என்ற கணக்கில் எழுதினால் இரண்டு கணக்கும் குழம்பிப்போகும்.

தீர்ப்பு இது. வைல்ட்லைஃப் ஹேட்செட்டின் விலை நியாயமானது. அதைக் கேட்கப் பட்டறைக்கு முழு உரிமை உண்டு. ஆண்டுக்குச் சில இரவுகள் முகாமடிக்கும் ஒருவருக்கு, முகாம் கருவி என்ற அளவில், அது தகாத செலவு. அவர் 40 டாலர் கோடாரியும் ஒரு ரம்பமும் வாங்கி, மீதிக் காசில் ஒரு தீட்டுக்கல் வாங்கித் தீட்டக் கற்றுக்கொள்ளட்டும். செதுக்குகிறவரும் அன்றாடம் கோடாரி பிடிக்கிறவரும் தயங்காமல் வாங்கலாம். இந்தப் பட்டறையின் பொருள்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடிக்கிறவர் இன்னும் சற்றுச் சேர்த்து, 200 டாலர் அளவில் ஸ்மால் ஃபாரஸ்ட் ஆக்ஸை வாங்குவது மேல். கூடுதலாகக் கொடுக்கும் அந்தச் சில பத்து டாலருக்கு ஒவ்வொரு வெட்டிலும் இரட்டிப்பு ஆற்றல் கிடைக்கிறது. கிரென்ஸ்ஃபோர்ஸுக்குக் கொடுக்கும் காசு வீணாவதில்லை. 34 சென்டிமீட்டர் காம்பில் அதைக் கொடுத்தால்தான் பாதி வீணாகிறது.